எங்கள் மாமா சேர் லிஃப்டிலிருந்து இறங்கிய கதை

என் அக்காவின் கணவருக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஏதாவது இருந்தால், அதைப் பற்றி அவரிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். காவேரித் தண்ணீர் ஏன் இன்றைக்கு வரவில்லை, மெட்ரோத் தூணை உண்மையில் எங்கே நட்டிருக்க வேண்டும், காபிப் பொடியில் சிக்கரி எவ்வளவு இருக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் உண்டு. ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்துவிட்டுச் சீக்கிரமே ஓய்வு பெற்றவர். அதுவரை ஒரு மாடி முழுக்க ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அறிவுரை, ஓய்வுக்குப் பிறகு மொத்தமாக அக்காவுக்கு வந்து சேர்ந்தது. அவள் வாங்கியது போக மிச்சம் எனக்கும் என் கணவருக்கும்.

நான் மல்லேஸ்வரத்தில் பல் மருத்துவர். என்னிடம் வருகிறவர்கள் வாயைத் திறந்துகொண்டு பேச முடியாமல் படுத்திருப்பார்கள். அவர்களோடு பழகிப் பழகி, திறந்த வாயால் பேசிக்கொண்டே இருப்பவரை எப்படிச் சமாளிப்பது என்ற கலை எனக்குக் கைவரவில்லை. அதனால் மாமா என்ன சொன்னாலும் "ஆமா மாமா" என்று சொல்லிவிடுவேன். என் கணவர் அதுவும் சொல்ல மாட்டார். தலையை ஆட்டுவார்.

அந்தத் தலையாட்டலால்தான் நாங்கள் பனிச்சறுக்குக்குப் போனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா அறிவித்தார்.

"ஜனவரியில நாம நாலு பேரும் ஸ்கீயிங் போறோம். இமயமலை. நான் எல்லாம் பாத்துட்டேன். என்ன சகலை?"

என் கணவர் வாயில் தோசை இருந்ததால் தலையை ஆட்டினார். முடிந்தது.

அக்கா மட்டும் அடுப்படியிலிருந்து கேட்டாள். "ஏங்க, எனக்கு மெட்ரோ எஸ்கலேட்டர்ல இறங்கவே பயம். நான் எப்படிங்க?"

"அதுக்குத்தான் நான் இருக்கேன்ல. நீ என்னைப் பிடிச்சுக்கோ, போதும்."

மாமா முன்பு கம்பெனி வேலையாக ஐரோப்பாவில் சில மாதங்கள் இருந்தபோது பனிச்சறுக்கில் தேர்ச்சி பெற்றவர் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. அதற்குச் சான்றாகக் கூடத்தில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. அதில் மாமா பனித் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, ஒரு ஹோட்டல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கையில் காபிக் கோப்பையோடு மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் காலில் என்ன இருந்தது என்பது படத்தில் விழவில்லை. இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதும் இல்லை.

பயிற்சி பெங்களூரிலேயே தொடங்கியது. மலையில் சேர் லிஃப்ட் என்று ஒன்று உண்டு. கம்பிவடத்தில் வரிசையாகத் தொங்கும் இரட்டை நாற்காலிகள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அடிவாரத்தில் ஓடுகிற நாற்காலியில் உட்கார வேண்டும், உச்சியில் ஓடுகிற நாற்காலியிலிருந்தே எழுந்து, காலில் மாட்டிய சறுக்குப் பலகைகளோடு வழுக்கிக்கொண்டு விலக வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்க மாமா தேர்ந்தெடுத்தது அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் குழந்தைகள் பூங்காவிலிருந்த ஊஞ்சல். இரண்டு பேர் உட்காரலாம். மாமா பின்னாலிருந்து தள்ளுவார். "டிப்ஸ் அப்!" என்பார். நாங்கள் கால் நுனியை உயர்த்த வேண்டும். "ஸ்டாண்ட்!" என்பார். எழுந்து முன்னால் ஓட வேண்டும். அக்கா ஒவ்வொரு முறையும் ஒரு நொடி தாமதமாக எழுந்தாள், ஊஞ்சல் பலகை அவள் முழங்காலுக்குப் பின்னால் ஒவ்வொரு முறையும் சரியான நேரத்துக்கு வந்து இடித்தது.

செக்யூரிட்டிக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். "சார், தொட்டவரு கூத்கோபார்து சார்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, பெரியவர்கள் ஊஞ்சலில் உட்காரக் கூடாது என்று எழுதியிருந்த பலகையைக் காட்டினார். கீழே செயலாளர் என்று போட்டுக் கையெழுத்து இருந்தது. செயலாளர் மாமாதான்.

"இது ஆடறதுக்கு இல்லப்பா, டிரெய்னிங்" என்றார் மாமா.

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. டெல்லிக்கு ஒரு விமானம், அங்கிருந்து இன்னொன்று, அப்புறம் எலும்புகளைத் தனித்தனியாக எண்ணிக் காட்டுகிற ஒரு ஜீப் பயணம். வாடகைக்குக் கொடுத்த பூட்ஸை மாட்டியதும் என் கணவர் அந்தப் பயணத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தார். "இது கால்ல போடறதா, இல்ல காலுக்கு மாவுக்கட்டா?" என்றார். முதலில் சிறு மேட்டில் ஒரு பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்டோம். நேராகப் போவது, பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து நிறுத்துவது, விழுந்தால் எழுவது. மூன்றாவதில் எனக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டது. அக்கா மெதுவாக, முகத்தைச் சுளித்துக்கொண்டு, விழாமல் போனாள். மாமா பயிற்சியாளரைத் திருத்திக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் இப்படிச் சொல்லிக்கொடுக்க மாட்டார்களாம். அந்த ஆள் சரி சரி என்று கேட்டுவிட்டு, "சார் எக்ஸ்பர்ட். சேர் லிஃப்டில் மேலே போகலாம்" என்று எங்களை ஒரேயடியாகக் கழற்றிவிட்டார். இப்போது நினைத்தால், அது பாராட்டு இல்லை, பழிவாங்கல்.

லிஃப்ட் வரிசையில் நின்றபோது மாமா கடைசி வகுப்பை எடுத்தார். "ஏறறதுதான் டிரிக்கி. இறங்கறது ஒண்ணுமே இல்ல. நான் சொல்றப்போ எழுந்திருங்க, அவ்வளவுதான்." பிறகு அக்காவிடம், "நீ யோசிக்காத. நான் இறங்குன்னா இறங்கு" என்றார்.

ஏறுவது டிரிக்கியாக இல்லை. கீழே இருந்த பையன்கள் நாற்காலியைப் பிடித்து, மூட்டை ஏற்றுவதுபோல எங்களை ஏற்றிவிட்டார்கள். மாமாவும் அக்காவும் முன் நாற்காலியில். நானும் என் கணவரும் அடுத்ததில். காலடியில் தேவதாரு மரங்களின் உச்சிகள் போயின. நல்ல வெயில். அக்காவின் சிவப்பு ஜாக்கெட் எனக்கு முன்னால் அசையாமல் இருந்தது. மாமாவின் கை மட்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. மலைத்தொடருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

அந்த உச்சியிலிருந்த இறங்குமிடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பனியைக் குவித்து ஒரு மேடை. அங்கே எழுந்தவுடன் தரை செங்குத்தாகச் சரியும். பகலில் உருகி இரவில் உறைந்து, பளிங்குத் தரைபோல ஆகியிருந்தது. சரிவின் முடிவில் உடனே இடப்பக்கம் திரும்ப வேண்டும், ஏனென்றால் வலப்பக்கம் ஒரு கிழிந்த வலை, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. நேரே போனால் ஒரு டீக்கடை. எங்கே எழ வேண்டும் என்று சொல்லும் பலகை இருந்தது. அதன் மேல்பாதியைப் பனி மூடியிருந்ததால், 'இரு' என்பதா 'எழுந்திரு' என்பதா என்று இறங்குகிறவர் தாமே முடிவு செய்துகொள்ளலாம். டீக்கடையின் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றுகூட மலைக்காட்சியைப் பார்த்துப் போடப்படவில்லை. எல்லாமே இறங்குமிடத்தைப் பார்த்திருந்தன. எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. கையுறை மாட்டிய கையில் டீ, கழற்றிய கையில் செல்போன். அந்த மேடையைக் கட்டியவர் நிச்சயம் டீக்கடைக்காரருக்கு மைத்துனராக இருக்க வேண்டும்.

லிஃப்டை நிறுத்தும் பொத்தான் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது. உள்ளே ஓர் ஆள் ஹீட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

மாமாவின் நாற்காலி மேடையை நெருங்கியது. "டிப்ஸ் அப்!" என்று அவர் கத்தியது பின்னால் எங்களுக்கே கேட்டது. பலகைகள் பனியைத் தொடும் முன்பே மாமா எழுந்துவிட்டார். எழுந்தவருக்குக் கீழே தரை இல்லை. பயத்தில் கைக்கு அகப்பட்டதைப் பிடித்தார். அகப்பட்டது அக்காவின் ஜாக்கெட். தன்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னவர், அவளைப் பிடித்துத் தொங்கினார். அக்கா எழப் பார்த்தாள், முடியவில்லை, மாமாவின் சறுக்குக் கம்பு அவள் மடிக்குக் குறுக்கே கிடந்தது. நாற்காலி இருவரையும் இழுத்துக்கொண்டே போனது, ஒருவரை உட்காரவைத்தும் ஒருவரைத் தரையில் தேய்த்தும்.

அப்போது அக்கா ஒரு காரியம் செய்தாள். மாமாவின் விரல்களை ஜாக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தாள். கோபமாக இல்லை. கொடியில் காய்கிற துணியிலிருந்து கிளிப்பை எடுப்பதுபோல எடுத்தாள். மாமா குப்புற விழுந்தார். ஒரு பலகை கழன்று தனியாக, மிக அழகாக, இடப்பக்கம் திரும்பி நின்றது. டீக்கடையில் கைதட்டல்.

அக்காவோ நாற்காலியோடு மேலே போய், பெரிய சக்கரத்தைச் சுற்றித் திரும்பத் தொடங்கினாள். அப்போதுதான் கூண்டிலிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்து, போனைக் காதிலிருந்து எடுக்காமலே முழங்கையால் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது. நாங்கள் மேடைக்குச் சற்று முன்னால், கீழே ஒன்றுமில்லாத இடத்தில், ஊசலாடிக்கொண்டிருந்தோம். அக்கா சக்கரத்துக்கு அந்தப் பக்கம், இரண்டாள் உயரத்தில் தொங்கினாள்.

மாமா தரையில் கிடந்தபடியே கத்தினார். "இறங்கு! ஏய், குதி! கீழ பனிதான், ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல, இறங்கு!"

கூண்டுக்காரர் வெளியே ஓடிவந்து ஹிந்தியில் கத்தினார். "மத் உத்ரோ மேடம்! பைட்டே ரஹோ!" இறங்காதீர்கள், உட்கார்ந்தே இருங்கள் என்றார்.

"இறங்குடீ!"

"பைட்டே ரஹோ!"

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து மாமா இறங்கு என்றால் இறங்கி, ஏறு என்றால் ஏறியவள் அவள். எந்தச் சேலை, எந்த ஸ்கூல், எந்த வங்கி என்று எல்லாமே அந்தக் குரலில் முடிவானவை. வேண்டாம் என்று அதே சத்தத்தில் இன்னொரு குரல் சொல்லி அவள் கேட்டதே இல்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, முதுகைச் சாய்த்து, நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

கூண்டுக்காரருக்கு அது போதும். உள்ளே போய் லிஃப்டை ஓடவிட்டார். மாமா இன்னும் முழுதாக எழவில்லை என்பது அவர் கவலை இல்லை. அக்கா கீழ்நோக்கிப் பயணமானாள். எங்களைக் கடந்தபோது, "ஏய், அவரைப் பாத்துக்கோ" என்று என்னிடம் சொன்னாள். குரலில் பதற்றமே இல்லை. பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுக் கடைக்குப் போகிறவள்போல இருந்தது.

பார்த்துக்கொள்ள எனக்கு அவகாசம் இல்லை. எங்கள் நாற்காலி மேடைக்கு வந்துவிட்டது. என் கணவர் சத்தமில்லாமல் எழுந்து, சத்தமில்லாமல் சரிந்து, சத்தமில்லாமல் மாமா மேல் விழுந்தார். சத்தம் மாமாவிடமிருந்து வந்தது. நான் விழவில்லை. ஆனால் திரும்பவும் இல்லை. நேரே போய் டீக்கடையின் முன்வரிசையில் புகுந்து, ஆள் எழுந்து ஓடிய ஒரு நாற்காலியை மடியில் வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்திலிருந்த பஞ்சாபி அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்து, "ஃபர்ஸ்ட் டைம்?" என்று கேட்டு, எனக்கும் ஒரு டீ சொன்னார்.

மாமாவுக்கு மணிக்கட்டில் வீக்கம், முன்பல்லில் ஒரு மூலை போயிருந்தது. மீட்புக் குழுவினர் ஸ்லெட்ஜ் என்ற நீளமான பனி இழுவண்டியில் அவரைப் படுக்கவைத்து, கம்பளியால் சுற்றி, வாரால் இறுக்கிக் கட்டினார்கள். முகம் மட்டும் வானத்தைப் பார்த்து வெளியே தெரிந்தது. நாங்கள் இருவரும் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தோம். பாதி வழியில், லிஃப்டின் கம்பிவடத்துக்கு அடியில் போகும்போது, தலைக்கு மேலே அந்தச் சிவப்பு ஜாக்கெட்டைப் பார்த்தேன். அக்கா மறுபடியும் மேலே போய்க்கொண்டிருந்தாள். காலில் பலகைகள் இல்லை. கையில் ஒரு பொட்டலம். எதையோ கொறித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போறே?" என்று மாமா ஸ்லெட்ஜிலிருந்து கேட்டார். அசைய முடியாததால் வானத்தைக் கேட்பதுபோல இருந்தது.

"சும்மா ஒரு சுத்து! கீழ வர்றப்போதான் வியூ சூப்பரா இருக்கு!"

"கையில அடி பட்டிருக்குடீ எனக்கு!"

"தெரியும்ங்க! டாக்டர் கீழதான் இருக்கார், பேசிட்டேன்!"

நாற்காலி போய்விட்டது. என் கணவர் அந்தப் பயணத்தில் இரண்டாம் முறையாக வாயைத் திறந்தார். சிரிப்பதற்கு. சிரிப்பு நிற்காததால் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

பெங்களூர் திரும்பியதும் மாமா முதலில் வந்தது என் கிளினிக்குக்கு. பல்லைச் சரிசெய்ய மரத்துப்போக ஊசி போட்டிருந்தேன். உதடு ஒரு பக்கம் தொங்க, கட்டுப்போட்ட கையை ஆட்டிக்கொண்டு, பதினைந்து நிமிடம் பேசினார். லிஃப்டை ஓட்டியவன் அந்த நேரம் பார்த்து வேகத்தைக் கூட்டிவிட்டானாம். அக்கா எழாமல் போனதால் நாற்காலியின் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்ததாம். அவளைக் காப்பாற்றத்தான் அவர் ஜாக்கெட்டைப் பிடித்தாராம்.

"நீயும் பாத்தேல்ல? ஸ்பீடு ஏத்தினான்தானே?"

"வாயை நல்லாத் திறங்க மாமா" என்றேன். ஆமாம் என்று அவரே எடுத்துக்கொண்டார்.

அவர்கள் குடியிருப்பில் மாதம் ஒருமுறை கிளப் ஹவுஸில் யாராவது எழுந்து எதைப் பற்றியாவது பேசுவார்கள், கேட்கிறவர்களுக்கு வடையும் காபியும் உண்டு. அந்த மாதம் மாமா. பனிமலை கற்றுத்தரும் தலைமைப்பண்பு என்பது தலைப்பு. எங்களையும் வரச் சொல்லியிருந்தார். திரையில் மலைகள், பின்னர் அம்புக்குறிகள், பின்னர் மலைகளுக்குள்ளேயே அம்புக்குறிகள். கூட்டத்தில் தமிழர்களும் கன்னடக்காரர்களும் கலந்திருந்ததால் ஆங்கிலத்தில் பேசி, தத்துவம் வருமிடங்களில் மட்டும் தமிழுக்கு மாறினார்.

"லீடர்ங்கறவன் ரிஸ்க்கான இடத்துல முதல்ல இறங்கணும். டீம் பேனிக் ஆகும். எங்க வீட்டுலயே ஆச்சு. என் மனைவி ஃப்ரீஸ் ஆயிட்டா. நான் அந்த ஃபாலை என் மேல வாங்கிக்கிட்டேன்" என்று கட்டுப்போட்ட கையை உயர்த்தினார். சிலர் கை தட்டினார்கள். நான் என் காபியைப் பார்த்தேன்.

கடைசியில் கேள்வி நேரம். இரண்டாவது வரிசையில் அக்கா எழுந்தாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்பதுபோல நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு டவுட்டு."

"நீயா? வீட்டுல கேளேன்" என்று மாமா சிரித்தார்.

"இல்லைங்க, எல்லாருக்கும் யூஸ் ஆகும். லீடர் விழறப்போ பக்கத்துல இருக்கறவங்க ஜாக்கெட்டைப் பிடிச்சு இழுத்தா, பக்கத்துல இருக்கறவங்க என்ன பண்ணணும்?"

யாரோ ஒருவர் மூக்கில் காபி ஏறித் தும்மினார். மாமா, "அது வந்து, ஸ்பீடு..." என்று தொடங்கினார்.

"ஸ்பீடு ஏறலைங்க. நீங்கதான் தரை வர்றதுக்கு முன்னாடியே எழுந்துட்டீங்க."

முன்வரிசையில் இருந்த கன்னட அம்மாள் நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டார். "ஆமேலே? ஆமேலே ஏனாய்த்து?" அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அக்கா கன்னடத்துக்கு மாறினாள். ஊஞ்சலில் தொடங்கினாள். கூண்டுக்காரனாக நடித்தாள், மாமாவாக நடித்தாள், கழன்று ஓடிய பலகையாகக்கூட நடித்தாள். சிலவற்றைக் கூட்டியும் சொன்னாள். டீக்கடையில் கைதட்டியவர்கள் அவள் கதையில் ஐம்பது அறுபது பேராகப் பெருகிவிட்டார்கள். ஸ்லெட்ஜில் கட்டிய மாமாவைப் பார்சல் என்றாள். எனக்குத் தெரிந்து அக்கா இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை. இவ்வளவு நன்றாகப் பேசுவாள் என்றும் தெரியாது. இத்தனை வருடம் அந்த வீட்டில் தோசை சாப்பிட்டிருக்கிறேன், ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

மாமா திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். அவர் முகத்தின் மேல் ஓர் அம்புக்குறி விழுந்திருந்தது. ஒரு கட்டத்தில், எல்லோரும் சிரிக்கிறபோது தான் மட்டும் சிரிக்காமலிருப்பது நன்றாயில்லை என்று தோன்றியதோ என்னவோ, அவரும் சிரித்தார். புதிதாக நான் ஒட்டிக்கொடுத்த பல் மற்ற பற்களைவிடக் கொஞ்சம் வெள்ளையாகத் தெரிந்தது.

அதன் பிறகு சில நாட்கள் மாமா தன் காபியைத் தானே போட்டுக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். மௌனப் போராட்டம். அக்காவுக்கு அது பெரிய சௌகரியமாக இருந்தது. காலையில் என்னோடு நடக்க வர ஆரம்பித்தாள். மாமா திருந்திவிட்டார் என்று சொன்னால் அது பொய். இப்போதும் குடியிருப்பில் புதிதாக வந்தவர்கள் யாராவது அகப்பட்டால், வேகம் கூட்டிய லிஃப்ட்காரன் கதை வெளியே வரும். ஆனால் சொல்வதற்கு முன் அக்கா பக்கத்தில் இருக்கிறாளா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்கிறார்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். நான் ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏய், ஜனவரிக்கு டிக்கெட் போட்டுட்டேன்டீ. மூணு பேருக்கு."

"மாமா?"

"ஸ்கீயிங்ல இப்போ முன்னமாதிரி சேலஞ்ச் இல்லையாம். ஸ்கூபா டைவிங் கத்துக்கப் போறாராம்."

"அக்கா, கடலுக்குள்ளயா? அங்க யாரை இழுப்பார்?"

படுத்திருந்தவர் வாயைத் திறந்தபடியே சிரிக்க முயன்று புரைக்கேறி எழுந்து உட்கார்ந்துவிட்டார். பல் இன்னும் வரவில்லை. அக்காவிடம் பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அவரை மறுபடி படுக்கவைத்தேன்.